நல்லகண்ணு சொன்ன எடை

காஸு அடுப்பு வந்து இறங்கிய அன்றைக்குத் தெருவே கேட்ட கேள்வி, "வெடிக்குமா?" என்பதுதான். கொத்தமல்லி மண்டி ஐயாத்துரை மட்டும் அதைக் கேட்கவில்லை. வெடிச்சா வெடிச்சுட்டுப் போகுது, அவருக்கு வேண்டியது வேறே. சிலிண்டரைத் தோளில் தூக்கி வந்த வெள்ளத்துரையை நடுக்கூடத்தில் நிறுத்தி வைத்துக் கேட்டார், "மாசம் எம்புட்டுப் பில்லு வரும்?"

வெள்ளத்துரை விருதுநகர் ஏஜென்ட்டின் ஆள். வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "அது உங்க வீட்டுப் புழக்கத்தைப் பொறுத்தது அண்ணாச்சி. இருவது நாள்ல முடிச்சவுகளும் இருக்காக, அம்பது நாள் ஓட்டுனவுகளும் இருக்காக" என்றான்.

"இதெல்லாம் ஒரு பதிலாய்யா? பேஞ்சாலும் பேயும், பேயாட்டி இல்லைங்குற மாதிரி!"

எழுபத்தாறாம் வருஷம், மாசி மாசம். அருப்புக்கோட்டையில் காஸு அடுப்பு இருந்த வீடுகளை இரண்டு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். சிலிண்டர் மாசத்துக்கு ஒன்றுதான். அடுத்த சிலிண்டர் வேண்டுமென்றால் பதினைந்து நாளுக்குள் எழுதிப் போட்டுவிட வேண்டும். நடுவில் தீர்ந்துபோனால் மிச்ச நாளுக்கு மறுபடியும் விறகுதான். இதையெல்லாம் வெள்ளத்துரை சொல்லச் சொல்ல ஐயாத்துரையின் புருவம் ஏறிக்கொண்டே போனது.

இந்த அடுப்பு ஆடம்பரத்துக்கு வந்ததில்லை, மருமகளுக்காக வந்தது. சண்முகவடிவு திருச்சுழிப் பக்கத்துப் பெண், கல்யாணமாகி இரண்டு வருஷம். வந்த ஆறாம் மாசமே இளைப்பு பிடித்துக்கொண்டது. கருவேல விறகின் புகை இருக்கிறதே, அது சாமானியப் புகையா? கண்ணைப் பிடுங்கும், நெஞ்சை அடைக்கும். அந்தச் சமையல்கட்டில் ஜன்னல் என்ற பேரில் ஒரு பொந்து. புகை அது வழியாகப் போகாது, வீட்டுக்குள்தான் சுற்றும். ராத்திரி படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கப் பழகிவிட்டாள் அந்தப் பிள்ளை. டாக்டர் சொல்லிவிட்டார்: "இந்தப் பொண்ணைப் புகை பக்கம் விடாதீக. விட்டா நான் குடுக்குற மாத்திரை அம்புட்டும் தண்டம்."

அவள் புருஷன் இன்பராஜ் நல்லவன். அப்பாவைக் கண்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், அது ஒன்றுதான் குறை. அந்தப் பயத்தோடேயே விருதுநகருக்கு நடையாய் நடந்து, பேரை எழுதி வைத்து, ஒன்றரை வருஷம் காத்திருந்து காஸைக் கொண்டுவந்துவிட்டான். சும்மா சொல்லக்கூடாது, அது அவன் செய்த பெரிய காரியம்.

ஐயாத்துரையும் கெட்டவர் இல்லை. ஆனால் எடை போட்டுப் பார்க்காத எதையும் அவர் நம்பமாட்டார். கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தராசு சொல்வதுதான் மெய் என்பார். அன்றைக்கும் அதே பாட்டுத்தான்.

"பத்து நாள் எரிச்சுப் பாப்போம். பத்தாம் நாள் மண்டித் தராசுல தூக்கி வைப்போம். கொறைஞ்சது எம்புட்டுன்னு தெரிஞ்சா மாசக் கணக்குத் தெரிஞ்சுபோகும். முப்பது நாள் ஓடும்னா அடுத்ததுக்கு எழுதிப்போடு. ஓடாதுன்னா திருப்பிக் குடுத்துரு. ஒரே வீட்டுல ரெண்டு அடுப்புக்குச் செலவழிக்க நான் என்ன ஓட்டலா நடத்துறேன்?"

முதல் எடையையும் அன்றைக்கே போட்டிருக்கலாம்தான். ஆனால் அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, எடை போடும் நல்லகண்ணுக்கு லீவு. நல்லகண்ணு வராமல் தராசை வேறு யாரும் தொடக்கூடாது என்பது அந்த மண்டியில் சட்டம். முதலாளியே தொடமாட்டார். அதனால் வெள்ளத்துரை சிலிண்டர் கழுத்தில் பெயிண்டில் எழுதியிருந்ததைத் துடைத்துக் காட்டினான். வெறும் சிலிண்டர் பதினாறு கிலோ, காஸு பதினைந்து கிலோ. ஆக மொத்தம் முப்பத்தொன்று என்று ஐயாத்துரை தன் சட்டைப்பைக் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

வெள்ளத்துரை அடுப்பை மாட்டிவிட்டுக் கிளம்பும்போது, கதவுக்குப் பின்னால் நின்ற வடிவு மெல்லக் கேட்டாள். "ஒரு அடுப்பு ஒரு மணி நேரம் எரிஞ்சா எம்புட்டு ஆகும்ண்ணே?"

அவன் திரும்பிப் பார்த்தான். இப்படிக் கேட்ட முதல் ஆள் இவள்தான் போலிருக்கிறது. "நல்லா எரியவிட்டா நூத்தம்பது கிராம் ஆகும்னு எங்களுக்கு நடத்துன வகுப்புல சொன்னாகம்மா" என்றான்.

அது போதும் அவளுக்கு. எட்டாம் வகுப்பு வரை படித்தவள், கணக்கில் கெட்டி. அடுப்பைப் பற்ற வைக்கும்போது கூடத்துக் கடிகாரத்தை ஒரு தடவை எட்டிப் பார்ப்பாள், அணைக்கும்போது ஒரு தடவை பார்ப்பாள். அரை மணிக்கு ஒரு கோடு என்று சமையல்கட்டுச் சுவரில் கரியால் போட்டு வைத்தாள். காய் நறுக்கி, மசாலா அரைத்து, எல்லாம் கைக்கெட்ட வைத்துக்கொண்டுதான் தீக்குச்சியை உரசுவாள். பருப்பை முன்கூட்டியே ஊறப்போடுவாள். திறந்த பாத்திரம் அடுப்பில் நிற்காது.

முதல் நாள் சமையலிலேயே ஒரு ஆச்சரியம் நடந்தது. சாம்பாரை இறக்கி வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது, கண்ணில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. சமைத்தால் அழுகை வரும் என்பது சோறு பொங்கினால் நுரை வரும் என்பதுபோல இயற்கை என்றல்லவா இருந்தாள்! நாலாம் நாள் பாயில் நீட்டி நிமிர்ந்து படுத்தாள். விடியும்வரை எழுந்திருக்கவில்லை. மாமியார் சுப்பம்மாள் பயந்துபோய் மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்துவிட்டுப் போனாளாம்.

ஒன்பதாம் நாள் கோடுகளைக் கூட்டிப் பார்த்தாள். ஒரு நாளைக்கு இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு மேல் போகவில்லை. பத்து நாளைக்கு நாலு கிலோ, கொஞ்சம் முன்னே பின்னே. அப்படியானால் பதினைந்து கிலோ முப்பத்தாறு, முப்பத்தேழு நாள் வரும். முப்பது போதும் மாமனாருக்கு. இது முப்பத்தேழு! யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கண்பட்டுவிடும் என்று வாயைக் கட்டிக்கொண்டாள், உள்ளுக்குள்ளே சந்தோஷம் பொங்கியது.

பத்தாம் நாள் காலை இன்பராஜ் சிலிண்டரைக் கழற்றித் தள்ளுவண்டியில் ஏற்றி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த மண்டிக்குக் கொண்டுபோனான். வடிவு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் கழித்து வந்தான். வண்டியும் இல்லை, சிலிண்டரும் இல்லை.

"இருபத்தஞ்சு" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டே. "முப்பத்தொண்ணு இருபத்தஞ்சாயிருச்சு. பத்து நாள்ல ஆறு கிலோ. அய்யா கணக்குப் போட்டாக. இருபத்தஞ்சு நாள்தான் ஓடுமாம்."

"நாலுதானே ஆயிருக்கணும்! என் கணக்குல நாலுதான் வருது."

"உன் கணக்கு கரிக்கோடு. அது தராசு."

"நீங்க பாத்தீகளா? தராசுல இருபத்தஞ்சுதான் காட்டுச்சா?"

"நல்லகண்ணு அண்ணன் எடை போடும்போது யாரு எட்டிப் பாப்பா?" என்றான் இன்பராஜ்.

அதுவும் நியாயம்தான். இதை வெளியூர்க்காரருக்குச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் அந்த மண்டியில் நல்லகண்ணு எடை போடும்போது எட்டிப் பார்ப்பது அவரைத் திருடன் என்று சொல்வதற்குச் சமம். முப்பத்திரண்டு வருஷமாகத் தராசுக்கு முன்னால் நிற்கிறவர். அவர் கூவுவார், ஐயாத்துரை மேஜையிலிருந்து எழுதுவார். சுற்றுவட்டாரத்துச் சம்சாரிகள் எத்தனையோ பேர் தங்கள் காட்டில் விளைந்த மல்லியைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள், அவர் சொன்ன எடையை மறுத்து ஒரு வார்த்தை எழுந்ததில்லை. ஒரு பைசா கை நீட்டாத மனுஷன் என்று பேர்.

அப்புறம் என்ன, சிலிண்டரை அங்கேயே மூலையில் நிறுத்திவிட்டார் ஐயாத்துரை. வெள்ளிக்கிழமை விருதுநகர் போகிற லாரியில் திருப்பி அனுப்பிவிடலாம் என்று முடிவு.

அன்று சாயங்காலம் வீட்டில் ஒரு விசாரணை நடந்தது. வடிவு கணக்குக்கு மேல் குறைந்த இரண்டு கிலோ எங்கே போனது? ரப்பர்க் குழாயைக் கழற்றும் முன்னமே சோப்பு நுரை தடவிப் பார்த்தாயிற்று, ஒழுக்கு இல்லை. வடிவுக்கு மாமியார் மேல் ஒரு சின்னச் சந்தேகம் இருந்தது, வாய்விட்டுச் சொல்ல முடியுமா? சுப்பம்மாளே தாங்கமாட்டாமல் உடைத்துவிட்டாள்.

"மத்தியானம் நீ துவைக்கப் போனப்ப ரெண்டு தடவை வரக்காப்பி போட்டேன். ரெண்டே தடவைதான்! அதுக்காக ரெண்டு கிலோவா போயிரும்? அண்டா நிறையாவா காப்பி குடிச்சேன்?"

இன்பராஜும் தலையைச் சொறிந்தான். சேக்காளிகளைக் கூட்டிவந்து ஒரு தடவை பற்றவைத்துக் காட்டினானாம், நீலமாக எரிவதைப் பார்க்க. எல்லாப் பாவத்தையும் கூட்டினாலும் கால் கிலோ தேறவில்லை. கடைசியில் வடிவுக்குத் தன் கணக்கு மேலேயே நம்பிக்கை போய்விட்டது. கடிகாரத்தைத் தப்பாகப் பார்த்தேனோ? அணைத்தேன் என்று நினைத்து அணைக்காமல் போனேனோ? தராசு பொய் சொல்லுமா என்ன? அடுப்பைச் சரியாகக் கையாளத் தெரியாதவள் நான்தான் என்று அந்தப் பிள்ளை தன் தலையிலேயே போட்டுக்கொண்டது.

மறுநாள் விறகு அடுப்பு புகைந்தது. "நீ அங்கிட்டுப் போ, நான் பாத்துக்கிறேன்" என்று சுப்பம்மாள்தான் ஊதினாள், அவளுக்கும் கண் இரண்டும் கோவைப்பழம். புகைக்கு மாமியார் மருமகள் பேதம் தெரியுமா? கூடத்துக்கு வந்தது, அறைக்கு வந்தது. மூன்றாம் நாள் வடிவு மறுபடியும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். மூச்சு விடும் சத்தம் வாசல்வரை கேட்டது.

ஐயாத்துரைக்கும் பார்க்கச் சகிக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தவர் பாதியில் எழுந்துவிட்டார். "திருச்சுழிக்குச் சொல்லிவிடு. அவ அய்யா வீட்டுல அடுப்பு வெட்டவெளியிலதானே இருக்கு? கொஞ்ச நாள் இருந்து உடம்பைத் தேத்திட்டு வரட்டும்" என்றார் மகனிடம். கரிசனமாகத்தான் சொன்னார். ஆனால் கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள்? அதை அவர் எடை போட்டுச் சொல்லவில்லை.

அடுத்த தெரு முத்துலட்சுமியும் இப்படித்தான் உடம்பு தேற்றப் போனாள். மூன்று வருஷம் ஆயிற்று. போன ஆவணியில் அவள் புருஷனுக்கு வேறு பெண் பார்த்துத் தாலி கட்டிவைத்துவிட்டார்கள். அந்தக் கல்யாணத்துக்கு இந்த வீட்டிலிருந்தும் மொய் போயிருக்கிறது. மொய்க்கவரில் பேர் எழுதியவளே வடிவுதான்.

"நான் வாரத்துக்கு ஒருக்க வந்து பாத்துட்டுப் போறேன்" என்றான் இன்பராஜ்.

"வாரத்துக்கு ஒருக்க வர நான் என்ன சந்தையா?" என்றாள் வடிவு. அதுக்கு மேல் பேச மூச்சு இல்லை. அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தான். அப்பாவிடம் போய் ஒரு வார்த்தை பேசுகிற தைரியம் மட்டும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் அப்பா பால்சாமி வந்து சேர்ந்தார். மகளைக் கூட்டிப்போக வருகிறவர் வெறுங்கையோடு பஸ்ஸில் ஏன் வரணும் என்று, அந்த வருஷம் விளைந்த மல்லியில் இரண்டு மூட்டையைப் பஸ் மேலே போட்டுக்கொண்டு வந்துவிட்டார். சம்சாரி புத்தி! மூட்டைகளை மண்டியில் இறக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து மகளைப் பார்த்தார். அவள் துணிமணி அடைத்து வைத்திருந்த பையைத் தூக்கிக்கொண்டார். "அண்ணாச்சிகிட்டச் சொல்லிட்டு, மூடையைப் போட்டுட்டு, பதினோரு மணிப் பஸ்ஸுக்குப் போயிருவோம் ஆத்தா" என்றார். சுப்பம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். புகையா அழுகையா, யார் கண்டது?

மண்டியில் அறுப்புக் காலத்துக் கூட்டம். தெருவாசல்வரை மூட்டை அடுக்கு, நிற்க இடமில்லை. வடிவு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கிடைத்த சந்தில் ஒதுங்கி நின்றாள். அந்தச் சந்து நல்லகண்ணுக்கு நேர் பின்னால் இருந்தது. அவள் வேண்டுமென்று போய் நிற்கவில்லை, வேறு இடம் இல்லை. எதிர் மூலையில் அவளுடைய சிலிண்டர் நின்றது, லாரிக்காரன் வந்து ஏற்றுவதற்காகக் கழுத்தில் ஒரு கயிற்றைக் கட்டி வைத்திருந்தார்கள். பக்கத்தில் இன்பராஜ் குனிந்த தலையோடு நின்றான்.

பால்சாமியின் முதல் மூட்டை மேடைத் தராசில் ஏறியது. நல்லகண்ணு எண் போட்ட தண்டில் இருந்த குண்டை நகர்த்தினார், ஒரு தட்டு தட்டினார், தண்டு ஆடி நின்றது.

"நாப்பது!" என்று கூவினார்.

மேஜையில் ஐயாத்துரை எழுதினார்.

வடிவு தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள். குண்டு நாற்பத்திரண்டில் நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். நாற்பத்திரண்டேதான். அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அய்யா, நாப்பத்திரெண்டுல நிக்குது."

"மெல்லப் பேசு, கோட்டிப்பிள்ளை" என்றார் பால்சாமி பதறிப்போய். "அது கழிவு. சாக்குக்கு ஒரு கிலோ, தூசி தும்புக்கு ஒரு கிலோ. மூடைக்கு ரெண்டு. எங்கய்யா காலத்துல இருந்தே அப்படித்தான்."

"எழுதுறப்பல்ல கழிக்கணும்? இவரு சொல்றப்பவே கழிச்சுட்டாரே?"

"நல்லகண்ணு அண்ணாச்சி வாயிலேயே கழிச்சுத்தான் சொல்லுவாக. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே? சம்மந்தின்னாலும் கழிவு கழிவுதான்." சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். இரண்டு கிலோவை இழந்து இழந்து அவருக்கு அது மரத்துப்போயிருந்தது.

வடிவு சிரிக்கவில்லை. அவள் பார்வை மூலையில் நின்ற சிலிண்டருக்குப் போனது, தராசுக்குத் திரும்பியது, நல்லகண்ணுவின் முதுகில் வந்து நின்றது. மூச்சு வாங்கியது. கேட்கலாமா? இத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில், ஒரு மருமகள், அதுவும் நல்லகண்ணுவை! கேட்காமல் விட்டால் பதினோரு மணிப் பஸ். அவளிடம் மிஞ்சியிருந்தது இந்த ஒரு கேள்விதான்.

"அண்ணே" என்றாள்.

நல்லகண்ணு திரும்பினார். முதலாளி வீட்டு மருமகள் தன் முதுகுக்குப் பின்னால் நின்று தராசைப் பார்த்திருக்கிறாள் என்று புரிந்ததும் முகம் சுருங்கியது.

"அன்னைக்கு சிலிண்டரை எடை போட்டீகளே. எத்தனைண்ணே?"

"இருபத்தஞ்சு தாயி. சொன்னேனே."

"சொன்னது இருபத்தஞ்சு. நின்னது எத்தனை?"

மண்டியில் பேச்சுச் சத்தம் குறைந்தது. "ஏலே, என்ன கேக்குது அந்தப் பிள்ளை?" என்று ஒரு குரல் கிசுகிசுத்தது. நல்லகண்ணுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. அவர் கண் எங்கேயோ போனது, அன்றைக்குக் குண்டு நின்ற இடத்தைத் தேடிப் போனது போல. அப்புறம் தோளில் கிடந்த துண்டை மெல்ல எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மேஜைக்கு முன்னால் போய் நின்றார்.

"முதலாளி, ஒரு தப்பு நடந்துபோச்சு போலருக்கு."

"என்ன தப்பு?"

"சிலிண்டருக்கும் கழிவைக் கழிச்சுட்டேன்."

ஐயாத்துரை பேனாவை வைத்தார். "என்னய்யா உளறுற? சிலிண்டருக்கு ஏதுய்யா சாக்கு?"

"சாக்கு இல்ல முதலாளி. வாய்ப் பழக்கம். தராசுல ஒண்ணு ஏறுனா ரெண்டைக் கழிச்சுத்தான் வாய்ல வருது. கண்ணு பாக்குறது வேற, வாய் சொல்றது வேறன்னு எனக்கே தெரியாமப் போச்சு." அவர் தராசைத் திரும்பிப் பார்த்தார். "முப்பத்திரெண்டு வருசத்துல நான் ஒரு எடை தப்பாச் சொன்னதில்ல முதலாளி."

பாவம், மனுஷனுக்கு இருந்த பேரே அது ஒன்றுதான். ஆனால் ஒளிக்கவில்லை பாருங்கள், அதுதான் நல்லகண்ணு. வேறு ஒருத்தனாக இருந்தால், பொம்பளைப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று ஒரு அதட்டில் முடித்திருப்பான்.

ஐயாத்துரை எழுந்து வந்தார். "இன்பராசு, தூக்கிட்டு வா" என்றார். இன்பராஜ் சிலிண்டரைத் தராசில் ஏற்றினான். அன்றைக்குக் கழற்றி வைத்ததுதான், ஒரு துளி காஸு எரியவில்லை. அன்றைக்கு என்ன இருந்ததோ அதேதான் இன்றைக்கும் இருக்கும். நல்லகண்ணு குண்டை நகர்த்தினார், தட்டினார், பிறகு தராசை விட்டு இரண்டு அடி பின்னால் வந்துவிட்டார்.

"நான் சொல்லமாட்டேன். நீயே வந்து பாரு தாயி."

வடிவு குனிந்து பார்த்தாள்.

"இருபத்தேழு" என்றாள்.

ஐயாத்துரையும் குனிந்தார். முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தன் தராசைத் தானே பார்த்தார். பையிலிருந்து குறிப்பை எடுத்தார். முப்பத்தொன்றில் இருபத்தேழு போக நாலு. பத்து நாளைக்கு நாலு கிலோ. உதடு முணுமுணுத்தது. "பதினஞ்சு கிலோவுக்கு…"

"முப்பத்தேழு நாள் மாமா" என்றாள் வடிவு. "நான் அன்னைக்கே கூட்டிப் பாத்தேன். சுவத்துல இருக்கு."

அதுக்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. அத்தனை பேர் முன்னாலும் அழுதாள். ஐயாத்துரை அவளைப் பார்த்தார், அவள் காலடியில் இருந்த பையைப் பார்த்தார். தப்பு என்று வாயால் சொல்லிப் பழகாத மனுஷன். சொல்லவும் இல்லை. நல்லகண்ணுவைத் திட்டவும் இல்லை.

"அடுத்த மூடையை வை" என்றார்.

பால்சாமியின் இரண்டாவது மூட்டை ஏறியது. நல்லகண்ணு குண்டை நகர்த்தினார். நாற்பத்து நாலில் நின்றது. வாயைத் திறந்தவருக்கு எண் வரவில்லை. எதைச் சொல்வது? பார்ப்பதையா, பழகியதையா? முதலாளியைப் பார்த்தார்.

"அதை இறக்கு. ஒரு வெறுஞ்சாக்கைத் தூக்கி வை" என்றார் ஐயாத்துரை.

வெறும் சாக்கு ஏறியது. ஒரு கிலோ, அதற்குக் கொஞ்சம் குறைவுதான். ஐயாத்துரை சாக்குக்கு ஒன்றை மட்டும் கழித்தார், தூசி தும்புக்கு என்று எதையும் கழிக்கவில்லை.

"நாப்பத்துமூணு" என்று அவரே சொன்னார். மேஜைக்குப் போய் எழுதினார். முதல் மூட்டைக்கு எழுதியிருந்த நாற்பதை அடித்து நாற்பத்தொன்று ஆக்கினார்.

பால்சாமிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "வழக்கம் ரெண்டு கிலோதானே அண்ணாச்சி? எனக்காக மாத்தவேண்டாம். நாலு பேரு பேசுவாக."

"வழக்கமா?" ஐயாத்துரைக்கு இப்போதுதான் கோபம் வந்தது, யார் மேல் என்று அவருக்கே தெரியாத கோபம். "அந்த வழக்கம்தான்யா இன்னைக்கு என் மருமகளைப் பஸ் ஏத்திவிடப் பாத்துச்சு! நீரு வாயை மூடிக்கிட்டு உக்காரும்." பிறகு மகன் பக்கம் திரும்பினார். "என்னலே முழிக்கிற? விருதுநகருக்கு அடுத்த சிலிண்டருக்கு எழுதிப் போட்டியா இல்லியா? பதிமூணு நாள் ஆச்சு!"

"இந்தா, இப்பவே போறேன்" என்று இன்பராஜ் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினான்.

லாரிக்காரன் வந்து, "சிலிண்டர் இருக்குன்னீகளே?" என்று கேட்டபோது அது தள்ளுவண்டியில் ஏறியாயிற்று. நல்லகண்ணு வேறு யாரையும் தொடவிடவில்லை, தானே தள்ளினார். வடிவு பின்னால் நடந்தாள். பால்சாமி பையைச் சிலிண்டர் பக்கத்தில் வைத்துவிட்டு அவளோடு வந்தார். பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது திருச்சுழி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பியது. அவர் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வீட்டு வாசலில் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டு, ஊதுகுழலும் கையுமாக சுப்பம்மாள் வெளியே வந்தாள். சிலிண்டரைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள்.

"என்னவாம்?"

"நாலு கிலோதான் அத்தை. தப்பாச் சொல்லிட்டாக. முப்பத்தேழு நாள் ஓடும்."

"என் ரெண்டு வரக்காப்பியும் சேத்தா?"

"எல்லாம் சேத்துத்தான்."

சுப்பம்மாள் உள்ளே போனாள். அடுப்பில் பாதி வெந்துகொண்டிருந்த சோற்றை இறக்கி வைத்தாள். எரிந்துகொண்டிருந்த விறகை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, முற்றத்தில் போட்டு, ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினாள். புஸ்ஸென்று அடங்கியது.

"நீ புகை போறவரைக்கும் அங்கேயே நில்லு, உள்ள வராத" என்று கத்தினாள். "பையை நான் எடுத்துட்டு வாரேன்."